ரஸ்ட் மொழியும் தொடக்கத்தார் இடர்களும்

கணிப்பொறியின் நினைவகத்தை நேரே ஆளும் மொழிகளுள் ஒன்று ரஸ்ட். கிரேடன் ஹோர் என்பார் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இம்மொழியின் முதல் நிலைப்பதிப்பு 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. சி மொழியில் தேர்ந்தாரும் இதன் வாயிலில் இடறுவர். இடறச் செய்வன குறியீடுகள் அல்ல. உடைமை என்னும் கொள்கையே.

ஒரு பொருளுக்கு ஒரு காலத்தில் உடையவன் ஒருவனே. 'அ' என்னும் மாறி கொண்ட சரத்தை 'ஆ'வுக்கு அளித்தபின், 'அ'வைப் படிக்கப் புகின் கம்பைலர் மறுத்துவிடும். எண்ணாயின் படியெடுத்துக் கொடுக்கும்; இவ்வேற்றுமை புதியவரைப் பெரிதும் மயக்கும். இரவலும் உண்டு. ஓர் ஏட்டைப் பலர் சூழ்ந்து படிக்கலாம். ஒருவன் திருத்துங்கால் ஏனையோர் விலகல் வேண்டும்.

இத்துணைக் கடுமை எற்றுக்கெனின், விடுவித்த நினைவிடத்தைப் பின்னும் தொடுதல் போன்ற பிழைகள் சி மொழியில் நெடுங்காலம் ஒளிந்து கிடக்கும். தான் திருத்தும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்வினத்தனவே என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் உரைத்தது. ரஸ்ட், நிரல் ஓடுமுன்னரே அவற்றுட் பெரும்பாலனவற்றைத் தடுக்கின்றது. கம்பைலரின் கண்டிப்பைப் பகையெனக் கொள்வோர் விரைவிற் சலிப்பர். அதன் பிழையுரைகளோ பொறுமையுள்ள ஆசிரியரின் விளக்கம் போன்றவை.

நிற்க. தமிழ் மாணவர்க்குச் சுவை பயப்பது பிறிதோர் இடர். சரத்தின் முதலெழுத்தை எண்சுட்டிக் கேட்க இம்மொழி இடங்கொடாது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாதெனின் 15 என்னும். அது பைட்டுகளின் தொகை. குறியீடுகளை எண்ணின், த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5. நம் இலக்கணத்தின்படியோ எழுத்து மூன்றே. அம்மூன்றைப் பெறுதற்கு வெளியிலிருந்து துணைத்தொகுப்பொன்றை வரவழைத்தல் வேண்டும்.