ஆள் நடந்த மண்ணும் வண்டிக்கு ஆபத்தாகலாம்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு. நாமக்கல், சங்ககிரி லாரிகள் ராஜஸ்தான், பஞ்சாப் எல்லை வரை ஓடுகின்றன. போர் நடந்த நாடுகளுக்குக் கிணறு வெட்டவும் வண்டி ஓட்டவும் வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு. வண்டியை நம்பிப் பிழைக்கும் இந்தப் பகுதிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆயுதம், டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி. பெயர்தான் அப்படி, லாரி, டிராக்டர், பஸ் எது ஏறினாலும் அது வெடிக்கும்.

ஏன் ஏமாறுகிறோம்?

ஆளைக் குறிவைக்கும் மிதிவெடிக்குச் சில கிலோ அழுத்தம் போதும். டாங்கி எதிர்ப்பு வெடிக்குப் பெரும்பாலும் நூறு கிலோவுக்கு மேல் வேண்டும். சோவியத் தயாரிப்பான டி.எம்.-57 ஒரு தோசைக்கல் அகலம்தான். உள்ளே 6 கிலோவுக்கு மேல் வெடிமருந்து. "ஆடு மேயுது, சனங்க நடக்கிறாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று உள்ளூர்க்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த உத்தரவாதம் காலுக்கு மட்டும்தான், சக்கரத்துக்குச் செல்லாது. பழசாகிச் சிதைந்த வெடி காலுக்கே வெடிப்பதும் உண்டு. டாங்கி எதிர்ப்பு வெடியைச் சுற்றி மிதிவெடிகளைப் புதைத்து வைப்பதும் போர்க்கள வழக்கம்.

ரிக் வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். தண்ணீருக்குப் பாயிண்ட் பார்த்த இடம் பல நேரம் அதுவரை எந்த வண்டியும் இறங்காத காடாக இருக்கும். 20 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை மட்டம் பார்த்து ஜாக்கி இறக்கினால், பாரம் முழுவதும் சில அடிப்பாதங்களில் அழுந்தும்.

எங்கெங்கே?

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின், ராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு-காஷ்மீர் எல்லை நெடுகிலும் நம் ராணுவம் கண்ணிவெடி புதைத்தது. பிறகு அகற்றினாலும், இடையில் விவசாயிகளும் பாதிக்கப்பட்டார்கள். அங்கோலா, தெற்கு சூடான் போன்ற நாடுகளில் உள்நாட்டுப் போர்கள் விட்டுப்போன வெடிகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. இலங்கையின் வன்னியிலும் முகமாலையிலும் போரிட்ட இரு தரப்பும் வெடிகளைப் புதைத்தன. பரமத்தி, குறுக்குப்பட்டி இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து ஊர் திரும்பி, தரிசாகக் கிடந்த காணியில் டிராக்டர் இறக்க நினைக்கும் குடும்பங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

1997-இல் கையெழுத்தான ஒட்டாவா உடன்படிக்கை ஆளெதிர்ப்பு வெடிகளை மட்டுமே தடை செய்கிறது. டாங்கி எதிர்ப்பு வெடிக்கு உலகளாவிய தடை இல்லை, கட்டுப்பாடுகள்தான் உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. ஆகவே "உடன்படிக்கை இருக்கிறதே" என்று வண்டியை இறக்கிவிட முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

• மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகை, சிவப்புக் குச்சி, குறுக்கே வைத்த கிளை, கற்குவியல் கண்டால் உள்ளே போகாதீர்கள். பலகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. பலகைகள் விறகுக்கும் போகும்.

• வழிவிடவோ சிறுநீர் கழிக்கவோ சாலையோரம் இறங்காதீர்கள். வெள்ளம் வெடியை இடம் மாற்றிச் சாலையோரத்துக்கும் கொண்டுவரலாம்.

• சந்தேகம் வந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி, உள்ளேயே இருந்து உதவி கேளுங்கள். இறங்கியே தீர வேண்டுமானால் பின்பக்கமாக இறங்கி, வந்த டயர் தடத்திலேயே நடந்து திரும்புங்கள்.

• வெடியைத் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், இரும்புக்கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் 112, இலங்கையில் 119 எண்ணுக்குச் சொல்லுங்கள். இலங்கையில் கிராம அலுவலர் மூலமும் தேசியக் கண்ணிவெடி நடவடிக்கை மையத்துக்குத் தெரிவிக்கலாம்.

இழப்பீடு

வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை, இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. முதலாளி கைவிரித்தால் தொழிலாளர் துறையிடம் மனு கொடுக்கலாம். அட்வான்ஸ் ரசீது, சம்பளக் குறிப்பு, வாட்ஸ்அப் செய்தி, பயணச் சீட்டு எல்லாமே சாட்சிதான், பத்திரப்படுத்துங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் சூடான், தெற்கு சூடான், ஈராக் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும். அதனுடன் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா, விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு தருகிறது. விசிட் விசாவில் போகிறவருக்கு இது கிடைக்காது.

வண்டிக் காப்பீட்டையும் கவனியுங்கள். வழக்கமான மோட்டார் பாலிசியில் போர் விதிவிலக்கு உண்டு. இந்தியாவுக்கு வெளியே அந்தப் பாலிசி தானாகச் செல்லாது. பழைய கண்ணிவெடிக்குப் பணம் கிடைக்குமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலை ஒப்புக்கொள்ளும் முன் நில உரிமையாளரிடமோ ஒப்பந்ததாரரிடமோ மூன்று கேள்வி கேளுங்கள்: கண்ணிவெடி அகற்றிய சான்று உண்டா? எவ்வளவு ஆழம் வரை அகற்றினார்கள்? வண்டி போகும் வழியும் அதில் அடங்குமா? பதில் காகிதத்தில் வராத இடத்தில் ஜாக்கி இறக்காதீர்கள்.