மொட்டையடித்த வேம்பு

ஆம்பூர் பிரியாணிக்குள் வேப்பங்கொழுந்து இருக்கிறது என்றால் அடிக்க வருவீர்கள். மாதனூர் பக்கம் வந்து பாருங்கள் ஸார்! ஆட்டுக்காரர் தொரட்டி போட்டு வேம்பை மொட்டையடிப்பார். தழை ஆட்டுக்கு, ஆடு பிரியாணிக்கு, தோல் தொழிற்சாலைக்கு. மரத்துக்கு?

நான் பி.காம். எனக்குக் கணக்கு பாஷைதான் வரும். மாசி, பங்குனியில் வேம்பு தானாக இலை உதிர்க்கும்போது, இலையிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைக்கு இழுத்துக்கொண்டு, காம்படியில் சுவர் எழுப்பிவிட்டு, அப்புறம்தான் கழற்றி விடுகிறது. ரிட்டயர் ஆகிறவரிடம் ஸ்டேப்ளர் முதற்கொண்டு திருப்பி வாங்கும் ஆபீஸ் மாதிரி! தொரட்டியில் போனால் அத்தனையும் நஷ்டக் கணக்கு.

நுனிமொட்டு இருக்கிறவரை பக்கத்து மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. (மேனேஜர் ஞாபகம் வருகிறதா?) அது வெட்டுப்பட்டதும் தூங்கிக்கிடந்த மொட்டுகள் எழுந்து, தண்டிலும் வேரிலும் உள்ள மாவுச்சத்து என்ற ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துத் துளிர்க்கின்றன. துளிர் முற்றினால்தான் டெபாசிட் திரும்பச் சேரும். அதற்குள் மறுபடி தொரட்டி வந்தால், பாலன்ஸ் காலி.

பாலாற்றங்கரைத் தென்னைக்கு இந்தச் சௌகரியமும் கிடையாது. ஒரே குருத்து, மட்டைக்கு ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்பு குறையும். "பழுத்த மட்டைய மட்டும் எடுங்கண்ணே" என்று மரமேறுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். "அப்ப நீங்களே ஏறுங்க சார்" என்பார்.