இரண்டு சில்லுப் பிக்கப்பை நான்கு சில்லு ஆக்கலாமா?

துபாய் அல் குசைஸ் கைத்தொழிற் பேட்டையில் வாகனம் திருத்தும் வேலை செய்பவன் நான். எங்கட ஆட்கள் கராஜுக்கு வந்தால் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, என்ர பழைய ஹைலக்ஸ் நல்ல கண்டிசன். முன் சில்லும் இழுக்கிற மாதிரிச் செய்யேலாதோ?"

கேட்பவர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. பாலைவன முகாம்கள், பேரீச்சந் தோட்டங்கள், ஒட்டகப் பண்ணைகள் என்று தார் றோட்டு முடிகிற இடத்துக்கு அப்பால் சாமான் ஏற்றினால் கூலி கூட. கையில் இருக்கிற சேமிப்பை அந்த வண்டியில் போடலாமா, அல்லது ஊருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அனுப்பலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. ஆகவே இம்மாதம் அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

முன் சில்லு இழுத்தால் என்ன நடக்கிறது?

சாதாரண பிக்கப்பில் எஞ்சின் பலம் பின் அச்சுக்கு மட்டும் போகும். முன் சில்லு வெறுமனே தள்ளுப்படும். இளகிய மணலில் அந்தச் சில்லுகள் தமக்கு முன்னால் மணலைக் குவித்து, தாமே தடை போடும். முன் சில்லும் சுற்றினால் அந்தக் குவியலின் மேல் ஏறிப் போகும். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் பாரம் குறைந்தது என்பதால், பின் சில்லுக்குப் பிடிப்பும் குறைவு.

இன்னொரு விடயம் டிபரென்ஷல். வளைவில் உள் சில்லும் வெளிச் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது உதவுகிறது. ஆனால் ஒரு சில்லு மணலில் சும்மா சுற்றத் தொடங்கினால், மற்றச் சில்லுக்கும் அந்த அற்ப பலம்தான் போகும். வன்னியில் மாசி பேர்கசன் உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சேற்றில் ஒரு பக்கம் புதைந்தால் குதிக்காலுக்குக் கிட்ட இருக்கிற டிஃப் லொக் மிதியை அழுத்துவார்கள். இரண்டு சில்லும் ஒன்றாய்ச் சுற்றி மெசின் வெளியே வரும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

ஒரு காலத்தில் இது சுலபமாக இருந்தது

இரண்டு சில்லு வண்டியை மாற்றுவது புதிய எண்ணமல்ல. அமெரிக்காவின் மார்மன் ஹெரிங்டன் கம்பனி 1935இலிருந்து ஃபோர்ட் லொறிகளை நான்கு சில்லு இழுவைக்கு மாற்றிக் கொடுத்தது. 1950களில் மினியாபொலிஸ் நகரின் நாப்கோ என்ற நிறுவனம் ஷெவர்லே, ஜி.எம்.சி. பிக்கப்களுக்கு முழுத் தொகுதியாகவே விற்றது. 1957இல் ஷெவர்லே அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியும் கொடுத்தது.

அன்று அது முடிந்ததற்குக் காரணம் எளிது. அந்த லொறிகளின் முன்பக்கம் ஒரே நீள அச்சு, கீழே வில்லுத் தகடுகள். பழைய அச்சைக் கழற்றி, டிபரென்ஷல் உள்ள அச்சை அதே தகடுகளில் பூட்டலாம். சசியை வெட்டத் தேவையில்லை.

ஹைலக்ஸ் கதை வேறு. 1968இல் அது வெளிவந்தபோதே முன் சில்லுகள் தனித்தனியாக மேலும் கீழும் அசையும் அமைப்போடு வந்தது. 1979இல் ரொயோட்டா நான்கு சில்லு ஹைலக்ஸை விட்டபோது, அதற்கு முன்பக்கம் வில்லுத் தகட்டில் நீள அச்சு வைத்தது. அதாவது செய்த கம்பனியே சும்மா ஒரு பெட்டியைச் சேர்க்கவில்லை. முன் சசியையே வேறாக அமைத்தது. பெயர் ஒன்று, வெளித் தோற்றம் ஒன்று, ஆனால் அடியில் இரண்டு வெவ்வேறு வண்டிகள்.

என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலாவது, கியர்பொக்ஸுக்குப் பின்னால் வரும் ட்ரான்ஸ்பர் கேஸ். பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிப்பது இதுதான். இதில் 'லோ' கியரும் உண்டு. 1980களின் ரொயோட்டாப் பெட்டிகளில் அது 2.28க்கு 1, வேகம் அந்த அளவு குறையும், இழுவை அந்த அளவு கூடும். பெரும்பாலும் இரண்டு சில்லுக் கியர்பொக்ஸில் இது நேராகப் பூட்டுப்படாது. கியர்பொக்ஸோடு சேர்த்தே வாங்க வேண்டி வரும்.

இரண்டாவது, முன் அச்சு, முன் டிபரென்ஷல், சில்லு ஹப்கள், முன் ப்றொப்பெல்லர் சாப்ட். பின் சாப்டின் நீளமும் மாறும்.

மூன்றாவது, இவற்றைத் தாங்கும் இடங்கள். பழைய குறுக்குச் சட்டத்தை வெட்டி, புதிய தாங்கிகளை வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பக்கம் சற்று விலகினாலும் வண்டி றோட்டில் ஒரு பக்கம் இழுக்கும், ரயர் தேயும்.

நான்காவது, ஸ்டியரிங். ஷார்ஜாவில் கிடைக்கும் பழைய பாகங்களில் ஜப்பானிலிருந்து வந்தவையும் உண்டு. ஜப்பானில் ஸ்டியரிங் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். முன்பாதியை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

கடைசியாக, வண்டி உயர்வதால் பிறேக் ஹோஸ் நீளம் போதாமற் போகும். உயரம் கூடினால் வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். அந்த வண்டி நாளைக்கு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

பல்லுக் கணக்கு

பாகம் வாங்குபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, முன் பின் டிபரென்ஷல்களின் விகிதம் ஒன்றா என்பது. ஒன்றில் 41 பல்லும் 10 பல்லும் இருந்தால் விகிதம் 4.1. மற்றதில் 41ம் 9ம் என்றால் 4.56. பழைய பிக்கப்களின் ட்ரான்ஸ்பர் கேஸ் முன் பின் சாப்ட்களை ஒரே வேகத்தில் பூட்டிவிடும். விகிதம் வேறானால் முன் சில்லு ஒரு வேகம், பின் சில்லு இன்னொரு வேகம். எங்கோ ஒன்று உடையத்தான் வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை நியூட்ரலில் விட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் உயர்த்துங்கள். அதைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றும்போது ப்றொப்பெல்லர் சாப்ட் எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணுங்கள். நான்குக்குச் சற்றுக் கூட என்றால் 4.1, நாலரை என்றால் 4.56. ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

இதே காரணத்தால்தான், தொழிற்சாலையில் செய்த வண்டியானாலும், காய்ந்த தார் றோட்டில் இந்த வகைப் போர் வீலைப் போட்டு ஓடக் கூடாது. திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் போகும். மணல் அந்த வித்தியாசத்தை விட்டுக் கொடுக்கும், தார் விடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிய சனம் நாங்கள். இல்லாததைக் கொண்டு இருப்பதை ஓட வைப்பது எங்கட கைக்குப் பழக்கம். அங்கே வேறு வழி இருக்கவில்லை. இங்கே வழியும் உண்டு, கேள்வி கேட்பவர்களும் உண்டு.

அமீரகத்தின் 2017ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளில், அனுமதியின்றி எஞ்சினை அல்லது சசியை மாற்றினால் 1000 திர்ஹம் அபராதம், 12 கறுப்புப் புள்ளிகள், 30 நாள் வண்டி பறிமுதல் என்று இருக்கிறது. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போகும். 2025 மார்ச் 29 முதல் புதிய கூட்டாட்சிப் போக்குவரத்துச் சட்டமும் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே வேலை தொடங்க முன்னரே போக்குவரத்து அதிகார சபையிடம் அனுமதி கேளுங்கள். வேலை முடிந்த பிறகு அல்ல.

போர் வீல் சசியை வாங்கி, உங்கள் பொடியை அதன் மேல் தூக்கி வைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வேலையாகப் பார்த்தால் அதுதான் சுத்தமான வழி. ஆனால் சசி இலக்கம் அந்தச் சட்டத்தில்தான் அடித்திருக்கும். முல்கியாவில் உள்ள இலக்கத்தோடு அது பொருந்தாது. இலக்கத்தை வெட்டி ஒட்டுவோம் என்று யாராவது சொன்னால் உடனே எழும்பி வந்துவிடுங்கள். அது அபராதத்தோடு முடியாது. வேலையும் விசாவும் போகக்கூடிய குற்றம்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். அறிவிக்காத மாற்றம் உள்ள வண்டி விபத்தில் சிக்கினால் கம்பனி கை விரிக்கலாம். வண்டி முதலாளியின் பெயரில் இருந்தால் அவரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு நட்டையும் கழற்ற வேண்டாம்.

அதற்குப் பதிலாக

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, முதலில் உங்கள் பாதையைக் கணக்குப் பாருங்கள் என்பதே. முகாம்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஒரு அண்ணை மாற்றியே தீருவேன் என்று வந்தார். பாதையை விசாரித்தால் பெரும்பகுதி தார், பிறகு இறுகிய மண், கடைசியில்தான் சிறிய மணற் துண்டு. அந்தத் துண்டுக்காக முழு வண்டியையும் வெட்டத் தேவையில்லை.

ரயர்க் காற்றை இறக்குவதுதான் மிக மலிவான வழி. வெறும் வண்டிக்கு மணலில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. போதும். ரயர் நீளமாகப் படிந்து, பாரம் பரவும். பாரம் ஏற்றியிருந்தால் அவ்வளவு இறக்கக் கூடாது, வேகமும் கூடாது. தாருக்கு ஏறும் முன் திரும்ப அடித்தே தீர வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் வெயிலில் சூடேறி வெடிக்கும். ஒரு சிறிய கொம்பிரசர், ஒரு அளவுமானி, மண்வெட்டி, சில்லுக்கு அடியில் போடும் பலகை இரண்டு. இவ்வளவும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாவது, அந்த உழவு இயந்திர மிதியின் பாடம். பின் அச்சுக்குப் பொருத்தமான லொக்கர் அல்லது லிமிட்டட் ஸ்லிப் டிபரென்ஷல் கிடைத்தால், இரண்டு பின் சில்லும் இழுக்கும். சசியில் கை வைப்பதில்லை. இதற்கும் அனுமதி தேவையா என்று கேட்டுச் செய்யுங்கள். இவ்வளவு செய்தாலும் உயர்ந்த மணல் மேடுகளுக்கு இரண்டு சில்லு வண்டி போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையாகவே அந்த மேடுகளில்தான் வேலை என்றால், இருப்பதை விற்று, தொழிற்சாலையில் செய்த போர் வீலை வாங்குங்கள். பாகம், கூலி, வண்டி நிற்கும் நாட்களில் போகும் உழைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். இரண்டு வண்டிகளின் விலை வித்தியாசத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். எது குறைவு என்று தாளே சொல்லும்.

வாங்கும்போது சசி இலக்கத்தை முல்கியாவோடு ஒப்பிடுங்கள். சசியில் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். மணலில் ஹையும் லோவும் போட்டு ஓட்டி, முன் சில்லுகள் உண்மையில் இழுக்கின்றனவா என்று ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். முன் டிபரென்ஷலில் எண்ணெய் ஒழுகுகிறதா என்றும் கவனியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்பவர்கள், அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு பாகம் தேடப் புறப்படுங்கள். அடுத்த மாதம் வெயில் காலத்தில் பற்றறியைப் பாதுகாப்பது பற்றிப் பேசுவோம்.