டிசைன் பைலை அனுப்பும் முன்...

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ சிறுதொழில் நடத்துகிறீர்கள். புது மாதிரி டிபன் பாக்ஸ் ஒன்றை வடிவமைத்துவிட்டீர்கள். சீனாவில் செய்து வாங்கினால் விலை குறையும் என்று விசாரிக்கிறீர்கள். "டிராயிங் அனுப்புங்கள், விலை சொல்கிறோம்" என்று மெயில் வருகிறது. பைலை அட்டாச் செய்து அனுப்ப ஒரு நொடி போதும். ஆனால் போன பைலைத் திரும்பப் பெற முடியாது. அதே டப்பா வேறு பெயருடன், உங்கள் சரக்குக்கு முன்பே கண்டெய்னரில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கலாம். இதைத் தடுக்க என்ன செய்யலாம்?

முதலில் பதிவு

பொருளின் தோற்றத்தை 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்திடலாம். 10 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும். மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் டிசைன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. எனவே இன்டர்நெட்டில் படம் போடும் ஆசையைத் தள்ளி வையுங்கள்.

"டிராயிங்கிற்குக் காப்பிரைட் உண்டே" என்று இருந்துவிடாதீர்கள். பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல், தொழில் முறையில் 50க்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைனுக்கான காப்பிரைட் போய்விடும். பெயருக்கும் லோகோவுக்கும் டிரேட்மார்க் தனியாக வாங்க வேண்டும். இரண்டிற்கும் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இந்தியப் பதிவு இந்தியாவிற்குள்தான் செல்லும். சீனாவில் டிரேட்மார்க் பொதுவாக முதலில் விண்ணப்பித்தவருக்கே. ஐபேட் என்ற பெயருக்காக ஆப்பிள் நிறுவனமே 2012ல் ப்ரோவியூ நிறுவனத்திற்கு 6 கோடி டாலர் தர வேண்டியதாயிற்று. இங்கு விண்ணப்பித்த 6 மாதத்திற்குள் அங்கும் விண்ணப்பித்தால், உங்கள் இந்தியத் தேதியையே முன்னுரிமையாகக் கோரலாம்.

பைலை அனுப்பும் முறை

* விலை கேட்க முழு கேட் பைல் வேண்டாம். முக்கிய அளவுகள் மட்டும் உள்ள பிடிஎப் போதும்.
* பல பாகங்கள் இருந்தால் இரு தொழிற்சாலைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். பூட்டிச் சேர்க்கும் வேலை இங்கேயே நடக்கட்டும்.
* ஜிப் பைலுக்குப் பாஸ்வேர்ட் கொடுங்கள். பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள்.
* அனுப்பிய மெயில்களை அழிக்காதீர்கள். கம்ப்யூட்டர் கடிகாரத்தை மாற்றினால் பைலின் தேதியும் மாறும்; எனவே மெயில் அதைவிட நல்ல சாட்சி.
* ரகசிய ஒப்பந்தம் சீன மொழியில், அந்த நிறுவனத்தின் முத்திரையுடன் இருக்கட்டும். அதை அங்குள்ள நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

துறைமுகத்தில் தடுக்கலாம்

இவ்வளவும் செய்த பிறகும் போலி வந்தால்? ராஜாஜி சாலையில் உள்ள சுங்க இல்லம் உங்களுக்கு உதவும். 2007ல் வந்த விதிகளின்படி, உங்கள் பதிவைச் சுங்கத் துறையிலும் ஆன்லைனில் பதிந்திடலாம். கட்டணம் 2,000 ரூபாய். சந்தேகச் சரக்கை அதிகாரிகள் நிறுத்தி உங்களுக்குத் தெரிவிப்பார்கள். பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் நடவடிக்கையில் சேர வேண்டும். இல்லாவிட்டால் சரக்கை விடுவித்துவிடுவார்கள். பாண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த விதியின் பலத்தைக் காட்டியவர் மதுரையைச் சேர்ந்த ராம்குமார். இரட்டை சிம் போனுக்கான தன் பேடண்டைச் சுங்கத் துறையில் பதிந்தார். 2009ல் பெரிய நிறுவனங்களின் இறக்குமதி போன்களே தடைபட்டன. ஆனால் 2012ல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அந்தப் பேடண்டை ரத்து செய்தது. 2018 திருத்தத்தில் இந்த விதிகளிலிருந்து பேடண்டே நீக்கப்பட்டது. டிசைன், டிரேட்மார்க், காப்பிரைட் ஆகியவற்றை இன்றும் பதியலாம்.

ஆக, பதிவு வலுவாக இருந்தால்தான் துறைமுகத்தில் தடுப்பதும் நிலைக்கும். முதலில் விண்ணப்ப எண்ணை வாங்குங்கள். பிறகு சென்ட் பட்டனைக் கிளிக் செய்திடுங்கள்.