"பால் கொடுத்தது யார்?"

நோயாளி பசிக்கிறது என்றார். பயிற்சிக்கு வந்த பெண் இரக்கப்பட்டாள். ஒரு டம்ளர் பால் கொடுத்து விட்டாள்.

ஆனால், அவருக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன்! மயக்க மருந்து கொடுக்கும்போது, வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக் குழாயில் புகுந்து விடலாம். உயிருக்கே ஆபத்து!

குற்றம் யாருடையது? "கொடுக்காதே" என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே!

நைட்டிங்கேல் அம்மையார்

இப்படிப்பட்ட தவறு நேராமல் இருக்க வழி என்ன? செய்ய வேண்டியதை முன்பே தெளிவாகச் சொல்லி விடுவதுதான். இதை நன்கு உணர்ந்தவர், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியா போரின்போது சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்து புகழ் பெற்றவர்.

பொதுமக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு, 1860-ல் லண்டன் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் நர்சுப் பள்ளியை ஏற்படுத்தினார். பயிற்சி ஓர் ஆண்டு. சாப்பாடு, தங்கும் இடம், உடையுடன் 10 பவுண்டு பணமும் உண்டு.

கடமைத் தாள்

அங்கே சேர்ந்த பெண்களுக்கு ஒரு தாள் கொடுக்கப்பட்டது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, படுக்கைப் புண் வராமல் காப்பது, நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவது, மூச்சையும் நாடியையும் கவனிப்பது... இப்படிக் கற்க வேண்டியவை எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. மாதந்தோறும், இவற்றில் அவர்களுடைய தேர்ச்சியைத் தலைமை நர்சு குறித்து வைத்தார்.

தாள் மட்டும் போதுமா? போதாது! சில ஆண்டுகளில், பாடம் சரியாக நடக்கவில்லை என்பது அம்மையாருக்குத் தெரிந்தது. பயிற்சிப் பெண்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசினார். 1872 முதல் அவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார்.

நான்கு கேள்விகள்

இன்று நம் ஊர் நர்சு மாணவிகளிடமும் செய்முறைப் பதிவேடு இருக்கிறது. செய்து காட்டிய வேலைக்கு ஆசிரியை கையெழுத்துப் போடுகிறார். ஆனாலும், வார்டில் நுழைந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

நானே செய்யக்கூடியது எது? பெரிய நர்சு பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யக்கூடியது எது? தொடவே கூடாதது எது? சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

உங்கள் வீட்டுப் பெண்ணும் நர்சுப் படிப்புக்குப் போகிறாளா? அவளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். கேட்பது வெட்கம் அல்ல. கேட்காமல் செய்வதுதான் ஆபத்து!