பாஸ்தா மேல் பழி போடாதீங்க!

"அம்மா, இன்னிக்கு ராத்திரி பாஸ்தா பண்ணித் தாயேன்!" என்று பிள்ளை கேட்டால் போதும், வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "மைதா சாமானைக் குழந்தைக்குக் கொடுக்காதே" என்பார் பாட்டி. "எனக்குச் சர்க்கரை... ஆளை விடுங்கப்பா" என்று ஒதுங்கிக் கொள்வார் தாத்தா. இரண்டு பேர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றம் பெரும்பாலும் பாஸ்தாவில் இல்லை. நாம் சமைக்கும் விதத்தில்தான்!

என்ன செய்கிறோம்? கொழகொழவென்று வேக விடுகிறோம். மேலே வெண்ணெய், க்ரீம், சீஸ் என்று கொட்டுகிறோம். காய் மட்டும் பேருக்கு நாலு துண்டு. இதைத் தலைகீழாக மாற்றினால், அதே பாஸ்தா நல்ல ராத்திரிச் சாப்பாடு.

மைதாவா, ரவையா?

உலர்ந்த பாஸ்தாவை 'துரம்' என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். துரம் கோதுமையில் புரதம் அதிகம், வெந்தாலும் குழையாது. கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் படியுங்கள். மைதா என்றிருந்தால் திருப்பி வைத்து விடுங்கள்.

வீட்டில் செய்வதும் கஷ்டமில்லை. வட இத்தாலியில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைவார்கள். தெற்கே புலியா பகுதியில் முட்டையே வேண்டாம். ரவை, தண்ணீர், அவ்வளவுதான்! அங்கே பாரி நகரின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, 'ஒரெக்கியெத்தே' செய்வதை இன்றும் பார்க்கலாம். 'சின்னக் காதுகள்' என்று அர்த்தம்.

நாலு பேருக்கு 300 கிராம் துரம் ரவை எடுத்துக் கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் வெள்ளை ரவையை மிக்ஸியில் நைசாகத் திரியுங்கள். சுமார் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 10 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு விரல் கனத்துக்கு உருட்டி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்திக் குழியாக்குங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் போட்டி போட்டுக் கொண்டு செய்வார்கள்!

காய்தான் ஹீரோ

சிசிலித் தீவின் கத்தானியா நகரில் கத்தரிக்காய், தக்காளி சேர்த்த 'நோர்மா' பாஸ்தா பிரபலம். அந்த ஊர்க்காரரான பெல்லினியின் 1831-ம் வருட இசை நாடகத்தின் பெயர் அது. கத்தரிக்காயை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனவர்கள் அரபியர்கள்.

அவர்கள் கத்தரிக்காயை எண்ணெயில் பொரிப்பார்கள். நாம் சுட்டு எடுப்போம். கத்தரிக்காய், தக்காளி, குடமிளகாய், வெங்காயம் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. பெரிய துண்டுகளாக நறுக்கி, 2 மேஜைக்கரண்டி எண்ணெய், துளி உப்பு, நாலு பல் பூண்டு சேர்த்துப் பிசிறி, அவனில் 200 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். அவன் இல்லையா? கனமான இரும்புக் கல்லில் பரப்பி, ஓரம் சிவக்கும் வரை திருப்பிப் போடுங்கள். தக்காளியை எண்ணெயோடு சூடாக்கும்போது அதிலுள்ள லைகோபீன் உடம்பில் நன்றாகச் சேரும் என்பது கூடுதல் லாபம்.

தொட்டியிலேயே இருக்கு மூலிகை!

இத்தாலிக்காரர்கள் தூவும் 'பேசில்' வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப் பச்சிலையேதான். சர்பத்தில் போடும் சப்ஜா விதை இந்தச் செடியுடையது. வாசம் மட்டும் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு கைப்பிடி இலையைக் கையால் கிள்ளி, இறக்கிய பிறகு போடுங்கள். சூட்டில் வதக்கினால் வாசம் பறந்துவிடும். பூக்கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் செடி தொடர்ந்து இலை தரும்.

ஓரிகனோ இல்லையே என்கிறீர்களா? கற்பூரவல்லி இருக்கிறதே! வேறு செடிதான், ஆனால் இரண்டின் வாசத்துக்கும் கார்வக்ரால் என்ற பொருள் முக்கியக் காரணம். காட்டமானது என்பதால் 2 இலை போதும். பொடியாக நறுக்கிக் காயோடு சேருங்கள்.

பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும்

3 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்பும் பாஸ்தாவும் போடுங்கள். லிட்டருக்கு 10 கிராம் உப்பு இத்தாலிக் கணக்கு. நமக்குப் பாதி போதும். 4 நிமிடம் ஆனதும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மாவு வாசம் போய், ஆனால் பல்லுக்கு லேசாகத் தட்டுப்பட்டால் அதுதான் பதம். இந்தப் பதத்தில் புரத வலைக்குள் மாவுச்சத்து அடைபட்டிருப்பதால் மெதுவாகச் செரிக்கும். சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். குழைய விட்டால் இந்த லாபம் போச்சு!

வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துக் காயோடு சேர்த்துப் புரட்டுங்கள். அந்தக் கஞ்சியே கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். க்ரீம் எதற்கு?

யார் எவ்வளவு?

ரவையும் தவிடு நீக்கியதுதான். அதனால் அளவு முக்கியம். தட்டில் பாதிக்கு மேல் காய் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்கள் சோறு, சப்பாத்திக்குப் பதிலாகத்தான் இதைச் சாப்பிட வேண்டும். அதோடு சேர்த்து அல்ல. பிரெட், உருளைக்கிழங்கும் பக்கத்தில் வேண்டாம். சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்துச் சோதித்தால், உங்கள் உடம்புக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் தொடவே கூடாது. மைதா, ரவை, துரம் எல்லாவற்றிலும் க்ளூட்டன் உண்டு.

மற்றபடி, இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தாத்தாவுக்கும் ஒரு தட்டு வையுங்கள். காய் அதிகமாக, பாஸ்தா அளவாக!