கட்டணம் வாங்கினால் உரிமம் வேண்டும்: பெங்களூருவில் தனித்து இயங்கும் கார் பயிற்றுநர் அறிய வேண்டியவை

பெங்களூருவில் கார் வாங்கியும் அதைச் சாலையில் இறக்கத் துணியாதவர்கள் பலர் உள்ளனர். அவர்களின் வீட்டு வாசலுக்கே சென்று, அவர்களின் காரிலேயே கிளட்ச், கியர் பழக்கிக் கொடுத்து, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பயிற்றுநர்களும் நகரின் எல்லாப் பகுதிகளிலும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து, டாக்சி ஓட்டிக் கைதேர்ந்த பிறகு இத்தொழிலுக்கு மாறிய தமிழர்களுக்கும் இதில் இடமுண்டு. பெரிய முதலீடு தேவைப்படாத, கைத்திறனை மட்டும் நம்பிய தொழிலாக இது தோன்றினாலும், சட்டம் இதை வேறு விதமாகவே பார்க்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவரா என்பதற்கு முன்பாக, கற்பிப்பதற்குப் பணம் வாங்குகிறவரா என்பதே சட்டத்தின் முதல் கேள்வி.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 3ஆம் விதி, பழகுநர் உரிமம் பெற்றவர் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குச் சில நிபந்தனைகளை விதிக்கிறது. அவருடன் அவ்வகை வாகனத்தை ஓட்டச் செல்லத்தக்க உரிமம் கொண்ட பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும்; அந்தப் பயிற்றுநர் வாகனத்தைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும்; வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை நிறைவு செய்தால், தந்தை மகளுக்கும் நண்பர் நண்பருக்கும் இலவசமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருவதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை.

அதே செயல் கூலிக்காகவோ கட்டணத்துக்காகவோ நடக்கும்போது, மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 12ஆம் பிரிவும் மேற்கண்ட விதிகளின் 24ஆம் விதியும் குறுக்கிடுகின்றன. உரிமம் வழங்கும் அதிகாரியிடம் படிவம் 11இல் உரிமம் பெறாமல் எவரும் கட்டணத்துக்கு ஓட்டுநர் பயிற்சி அளிக்கும் பள்ளியையோ நிறுவனத்தையோ நடத்தக் கூடாது என்பது 24ஆம் விதியின் சாரம். இங்கிலாந்தில் கட்டணம் பெற்றுக் கார் ஓட்டக் கற்பிக்க விரும்புகிறவர் தம்மைத் தனிநபராக அரசுப் பதிவேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் தனியார் பயிற்றுநர் என்ற தனி உரிமம் இருந்தபோதிலும் 1987 முதல் புதிதாக வழங்கப்படவில்லை. இந்தியச் சட்டமோ பயிற்றுநருக்கு அல்லாமல் பள்ளிக்கே உரிமம் வழங்குவதால், பெங்களூருவில் தனித்து இயங்க விரும்பும் பயிற்றுநருக்கு இரண்டு நேர்வழிகளே உள்ளன: தாமே ஒரு சிறு பள்ளியின் உரிமையாளராக ஆவது, அல்லது உரிமம் பெற்ற பள்ளி ஒன்றில் பயிற்றுநராகப் பணியாற்றுவது.

தனிநபர் காருக்கான ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழைக் கட்டாயமாகக் காட்ட வேண்டியதில்லை என்பதே, உரிமமற்ற பயிற்சி இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம். போக்குவரத்து வாகனங்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படுவதால் அந்தத் துறையில் உரிமமற்றவர் நுழைவது கடினம். காரைப் பொறுத்தவரை, யாரிடம் கற்றாலும் சோதனையில் தேறினால் போதும் என்ற நிலை இருப்பதால் இந்த மறைவுத் தொழில் கேள்வியின்றி நடக்கிறது.

ஒற்றை மனிதப் பள்ளி சாத்தியமா

சாத்தியமே. விண்ணப்பதாரரோ அவர் அமர்த்தும் பணியாளரோ உரிய தகுதி பெற்றிருந்தால் போதும் என்று விதி கூறுவதால், உரிமையாளரே பயிற்றுநராகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவம், அரசு அமைத்த அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் பெற்ற மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரவியல் தகுதி, சாலை விதிகளிலும் சைகைகளிலும் தெளிந்த அறிவு, ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ போதிய பயிற்சி ஆகியவை பயிற்றுநருக்குரிய தகுதிகள். நல்ல ஓட்டுநர்கள் பலர் தடுக்கி நிற்பது மெக்கானிக் சான்றிதழில்தான் என்பதால், இத்தொழிலுக்கு வர நினைப்பவர் முதலில் அந்தப் படிப்பை முடித்துக்கொள்வது அறிவுடைமை.

பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட சொந்த வாகனம் ஒன்று, பாடம் நடத்த இடம், போக்குவரத்துக் குறிகளின் விளக்கப் படங்கள், செயல்விளக்கக் கருவிகள் ஆகியவற்றையும் விதி கேட்கிறது. பள்ளி அமையும் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், அதாவது ஜெயநகர், கோரமங்களா, யஷ்வந்தபுரம், எலக்ட்ரானிக் சிட்டி போன்ற ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் அப்பகுதி எதன் எல்லைக்குள் வருகிறதோ அதில், படிவம் 12இல் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஏக்கர் கணக்கில் நிலமும் ஓடுதளமும் வேண்டியிருப்பதால் அவை தனி மனிதரின் வசதிக்கு உட்பட்டவை அல்ல.

கிளட்ச் உள்ள காரின் தனிச் சிக்கல்

கியர் மாற்றி ஓட்டும் காருக்கென்றும் ஆட்டோமேட்டிக் காருக்கென்றும் இந்தியாவில் தனித்தனி உரிமம் இல்லை. இலகு ரக வாகன உரிமம் இரண்டுக்கும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் காரில் மட்டும் பழகியவரும் நாளை கிளட்ச் உள்ள காரைச் சாலைக்குக் கொண்டுவரச் சட்டத்தில் தடையில்லை என்பதால், கிளட்ச் பழக்கும் பயிற்றுநரின் பொறுப்பு பெரிது.

மோட்டார் சைக்கிள் நீங்கலாக எல்லாப் பயிற்சி வாகனங்களிலும் இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தப்பட வேண்டும் என்று விதி வலியுறுத்துவதன் காரணம், மேட்டில் வண்டியை எடுக்கும் நொடியைக் கவனித்தால் விளங்கும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும் காரை நகர்த்த, பழகுநர் கிளட்ச்சைப் பாதி அளவுக்கு விட்டு, எஞ்சினின் இழுவை சக்கரத்துக்கு வந்துசேர்வதை உணர்ந்து, அதே வேளையில் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் காலை மாற்ற வேண்டும். அதில் ஒன்று பிசகினாலும் கார் பின்னோக்கி உருளும், அல்லது எஞ்சின் அணைந்துபோகும், அல்லது முன்னால் நிற்கும் வண்டியின் மேல் பாயும். பயிற்சிப் பள்ளியின் காரில் இடப்பக்க இருக்கையின் காலடியிலும் கிளட்ச்சும் பிரேக்கும் இருப்பதால், பயிற்றுநர் காலை அழுத்தியதுமே இந்த மூன்றும் தடுக்கப்படும். மாணவரின் சொந்தக் காரில் அவருக்குக் கிடைப்பது கைப்பிரேக் மட்டுமே. புதிய கார்கள் பலவற்றில் அதுவும் ஒரு மின்பொத்தானாகச் சுருங்கிவிட்டது. ‘கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடம்’ என்ற நிபந்தனை அத்தகைய காரில் நிறைவேறியதா என்ற கேள்வி, விபத்துக்குப் பின் எழுந்தே தீரும்.

வருமானக் கணக்கு

கார் பயிற்சிக்கான கட்டணத்தைக் கர்நாடகப் போக்குவரத்துத் துறை 2024 ஜனவரியில் 4,000 ரூபாயிலிருந்து 7,000 ரூபாயாக உயர்த்தியது. 31ஆம் விதி காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதற்குள் குறைந்தது 10 மணி நேரம் வண்டி ஓட்டலும் கேட்கிறது. நாளொன்றுக்கு அரை மணி வீதம் 21 நாளில் பத்தரை மணி நேரம் நிறைவேறும். காலையும் மாலையுமாக ஆறு மணி நேரம் உழைக்கும் ஒருவர் ஒரு காரில் 12 பேருக்குக் கற்பிக்க முடியும். அத்தனை இடங்களும் நிரம்பினால் 21 நாள் சுற்றுக்கு 84,000 ரூபாய் வரவாகும். எரிபொருள், பழகுநர்களின் பாதிக் கிளட்ச்சால் விரைவில் தேயும் கிளட்ச் பிளேட், காப்பீடு, இட வாடகை, கார் கடன் தவணை ஆகிய யாவும் இதிலிருந்தே போக வேண்டும். ஆண்டு முழுவதும் இடைவெளியின்றி உழைத்தாலும் ஒற்றைக் கார் பள்ளியின் வரவு 15 லட்சத்தைத் தொடாது என்பதால், சேவைகளுக்கான 20 லட்சம் ரூபாய் வரம்புக்கு உட்பட்டு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. சிறு தொழில்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவும், அவற்றுக்கான முத்ரா கடனும் தொடக்க முதலீட்டுக்கு உதவும். உரிமம் இல்லாத தொழிலுக்கு வங்கியிடம் காட்ட ஆவணம் ஏதும் இராது.

உண்மையான ஆபத்து அபராதம் அன்று

உரிமமின்றிக் கற்பிப்பதற்கென மோட்டார் வாகனச் சட்டத்தில் தனித் தண்டனை குறிக்கப்படாததால், பொதுத் தண்டனைப் பிரிவான 177இன்படி முதல் முறை 500 ரூபாயும் மறுமுறை 1,500 ரூபாயும் அபராதமாக விதிக்கப்படலாம். இச்சிறு தொகையைக் கண்டு பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஆனால் பழகுநர் உரிமம்கூட இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் ஓட்டியவருக்கும் கொடுத்த உரிமையாளருக்கும் தனித்தனியே 5,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் நேரலாம். கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. ஸ்டீயரிங் மாணவர் கையில் இருந்தது என்பதால் மட்டும் பயிற்றுநர் விசாரணையிலிருந்து விலகிவிட முடியாது.

காப்பீட்டின் நிலை இதைவிடக் கவனத்துக்குரியது. தனியார் கார் பாலிசியின் ஓட்டுநர் பகுதி, 3ஆம் விதிக்கு உட்பட்டு ஓட்டும் பழகுநரையும் ஏற்கிறது. பழகுநர் உரிமமும் உரிமமே என்று 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. ஆனால் அதே பாலிசியின் பயன்பாட்டு வரம்பு, கூலிக்கும் கட்டணத்துக்கும் வண்டியைப் பயன்படுத்துவதை விலக்குகிறது. கூடுதல் பிரீமியம் செலுத்தி ஓட்டுநர் பயிற்சிக்கான நீட்டிப்பைப் பெறாத காரில் கட்டணப் பயிற்சி நடந்தது தெரியவந்தால், கார் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்கக்கூடும். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனமே முதலில் கொடுத்தாலும், அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவு பெற முயலும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள காரில் உடன் அமர்ந்து செல்பவருக்குப் பொதுவாகப் பாதுகாப்பு இல்லை என்பதையும் பயிற்றுநர் உணர வேண்டும்; இடப்பக்க இருக்கையில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர் அவரே. முழுக் காப்பீடும் பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பும் உள்ள காரிலேயே கற்பிப்பதும், ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் காப்பளிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்வதும் குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை.

மாணவர் கொடுக்காமல் ஏய்த்த கட்டணத்தை வசூலிப்பதும் உரிமமற்றவருக்குக் கடினம். சட்டம் தடுத்த செயலுக்கான ஒப்பந்தம் செல்லாது என்ற வாதத்தை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு எழுப்ப முடியும்.

தீர்வுக்கான வாயில்கள்

பள்ளி உரிமத்துக்கான விண்ணப்பத்தை, விண்ணப்பதாரரின் தரப்பைக் கேட்காமலும் காரணத்தை எழுத்தில் தராமலும் அதிகாரி நிராகரிக்க முடியாது. எனவே வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படுபவர் எழுத்துப்பூர்வ உத்தரவைக் கேட்டுப் பெற வேண்டும். லஞ்சம் கேட்கப்பட்டால் கர்நாடக லோகாயுக்தாவில் புகார் செய்யலாம். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நியாயமின்றி மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுதி, பயன் கிட்டாவிட்டால் பெங்களூருவில் அலுவலகம் கொண்ட இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனை, அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை, கட்டணமின்றி அணுகலாம். விபத்தில் காயமுற்ற பயிற்றுநர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் வேலை செய்து ஊதியம் கிடைக்காதவர், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மூன்றாண்டுக்குள் தொழிலாளர் துறையில் கோரிக்கை வைக்கலாம்.

கற்பவருக்கும் உரிமைகள் உண்டு. பள்ளியின் உரிமம், பயிற்றுநர் பெயர் ஆகியவை பார்வையில் படும்படி வைக்கப்பட வேண்டும். ஒவ்வொருவரும் ஓட்டிய நேரம் படிவம் 15இல் பதிவாக வேண்டும். பயிற்சி முடிவில் படிவம் 5இல் சான்றிதழ் தரப்பட வேண்டும். ஆர்.டி.ஓ.வில் தமக்குச் செல்வாக்கு உண்டு, உரிமம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி ஆள் சேர்ப்பதை விதிகள் தடுக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு வகுப்பைக் குறைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பயனில்லையேல் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கு வழக்குக் கட்டணம் இல்லை. பயிற்சியின்போது தகாத நடத்தைக்கு உள்ளாகும் பெண்கள் உடனே 112ஐ அழைக்க வேண்டும்.

கைத்திறன் உள்ளவர் அதைக் கற்பித்துப் பிழைப்பது நேர்மையான தொழிலே. அதற்கு உரிமம், இரட்டைக் கட்டுப்பாடு, பயிற்சிக்குரிய காப்பீடு ஆகிய மூன்றும் அரண்கள். உரிமத்துக்கான தகுதி இன்னும் கைகூடாதவர், அது கைகூடும்வரை உரிமம் பெற்ற பள்ளியொன்றில் பயிற்றுநராகச் சேர்ந்து சம்பாதிப்பதே நல்லது. கற்க வருகிறவரும் முதல் நாள் பணம் கொடுக்கும் முன் பள்ளியின் உரிமத்தையும் காரின் காப்பீட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும்; காட்டத் தயங்குகிறவரிடம் சேராதிருப்பதே நன்மை.